அடுப்புக்கு நான் கட்டிய தூண்கள்

வால்தம்ஸ்டோவில் ஒரு பழைய வீட்டின் முன்னறைத் தரைக்குக் கீழே நான் கட்டிய செங்கல் தூண்கள் மூன்று நிற்கின்றன. வீடு இப்போது வேறு யாருடையதோ. தங்கள் காலுக்குக் கீழே தூண் இருப்பது அவர்களுக்குத் தெரியுமோ தெரியாது. அந்தத் தெரு முழுக்க ஒருநாள் சரிந்தாலும் என் தூண் சரியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த ஆங்கிலம் நாலைந்து சொல். பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் அடித்தேன். பிறகு கட்டட வேலைக்குக் கூலியாளாகப் போனேன். ஒருவரும் கூப்பிட்டு வைத்துச் சொல்லித்தரவில்லை. கண்ணால் பார்த்தேன், கையால் பிடித்துக்கொண்டேன். சில வருடங்களில் சொந்தமாக ஒரு வான், அதன் பின்னால் என் ஏணி, என் சாமான்கள். எங்கள் சனத்துக்குள் சுவர் இடிக்க வேண்டும், கூரை ஒழுகுகிறது என்றால் முதலில் என் வீட்டுக்குத்தான் போன் வரும். படித்தவர்களின் வீட்டுக்கும் நான்தான் போனேன்.

அப்படி உழைத்து வாங்கியதுதான் அந்த வீடு. வாங்கும்போது ஒருவருக்கும் பிடிக்கவில்லை. பழைய தொடர்வீடு, ஈரம் பிடித்த சுவர், நடந்தால் ஆடும் பலகைத் தரை. நான் வாங்கினேன். ஊரிலிருந்து மனைவியைக் கூப்பிட்டு அதற்குள்தான் குடிவைத்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நானும் அவளும்தான்.

என் மனைவி வாட்டசாட்டமான மனுஷி. ஊரில் கிணற்றடியில் நின்று வாளியைக் கையால் இழுத்து வாழைக்குத் தண்ணீர் வார்த்தவள். அவளுடைய நடை அடித்து நடக்கிற நடை. முன்னறையில் ஒரு கண்ணாடி அலுமாரி வைத்திருந்தோம். அதற்குள் கிளாஸ்கள். பெட்ரோல் நிலையத்தில் வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுத்து மிஞ்சியவற்றை மனேஜர் எனக்குத் தந்திருந்தான். அவள் குசினியிலிருந்து முன்னறைக்கு வந்தால் அவள் வருவதற்கு முன்னே அந்தக் கிளாஸ்கள் ஒன்றோடொன்று முட்டிக் கிலுங்கும். நான் சாய்ந்து படுத்துக் கண்ணை மூடியிருந்தாலும் தேத்தண்ணீர் வருகிறது என்று எனக்குத் தெரியும்.

“மெல்ல நடவுமப்பா. வீடு நூறு வருசப் பழசு,” என்பேன்.

“வீடு பழசெண்டா நான் பறக்கிறதே? நீங்கள்தானே பெரிய மேசன். நிலத்தை இறுக்கி விடுங்கோவன்.”

“இறுக்கினா நீர் வாறது எனக்குத் தெரியாமப் போடும்.”

“அப்ப சும்மா இருங்கோ.”

இதை எத்தனை தரம் பேசியிருப்போம். அந்தத் தரையை நான் அப்படியே விட்டு வைத்திருந்தேன். ஊர்முழுக்கத் திருத்திக் கொடுத்தவன் சொந்த வீட்டைத் திருத்தவில்லை என்று சனம் பகிடி பண்ணியது. பண்ணட்டும் என்றுதான் விட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு புரட்டாசி மாதம். வெளியே இன்னும் குளிர் தொடங்கவில்லை. பக்கத்து வீட்டுக் கிழவர் கைவைத்த பனியனோடு தோட்டத்தில் நிற்கிறார். இவள் வீட்டுக்குள் ஸ்வெற்றருக்கு மேல் சால்வையும் போட்டுக்கொண்டு ரேடியேட்டரில் முதுகை ஒட்டி நிற்கிறாள்.

“இந்த முறைக் குளிர் எலும்புக்குள்ள போகுதப்பா,” என்றாள்.

ரேடியேட்டரின் சூட்டைக் கூட்டினேன். யன்னல் இடுக்குகளை அடைத்தேன். கதவின் கீழே பட்டி அடித்தேன். அப்போதும் குளிர்கிறது என்றாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. லண்டன் முழுக்கப் பிறத்தியாருடைய வீடுகளைச் சூடாக்கிக் கொடுத்தவனின் மனைவிக்குக் குளிருவதா?

அந்த நேரம் ஒரு பெரிய வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். புதிதாக வாங்கி வைத்த விறகு அடுப்பு ஒன்றைத் தனக்குப் பிடிக்கவில்லை, கழற்றிக்கொண்டு போ என்றாள் வீட்டுக்காரி. வார்ப்பிரும்பு அடுப்பு. கறுப்பு நிறம், முன்னால் கண்ணாடிக் கதவு, உள்ளே நெருப்பு எரிவது தெரியும். நாலு பேர் சேர்ந்து மூச்சுப் பிடித்து வானில் ஏற்றினோம். வீட்டுப் பின்வளவில் இறக்கித் தார்ப்பாயால் மூடியபோது என் சகலன் வந்து நின்றார். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். கோலியர்ஸ் வுட்டில் வீடு, கணக்காளர் வேலை. படித்த மனுஷன், ஆனால் வாய் சும்மா இராது.

“அண்ணை, இது அடுப்போ, ரயில் எஞ்சினோ?”

“மனுசிக்குக் குளிருதாம்.”

“இதை உங்கட முன்னறையில வைச்சா நிலத்தைத் துளைச்சுக்கொண்டு நேரா யாழ்ப்பாணத்துக்குப் போடும். சீட்டு இல்லாமப் போகலாம்.”

“நான் கீழ தூண் குடுப்பன். நீர் பாத்துக்கொண்டிரும்.”

“கவுன்சில்காரன் புகை எண்டு வருவான்.”

“அனுமதி உள்ள அடுப்புத்தான். விசாரிச்சுப்போட்டுத்தான் தூக்கினனான். எனக்குப் படிப்பில்லை எண்டா விசாரிக்கவும் தெரியாதே?”

மனைவி கதவடியில் நின்று இதைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சால்வையை இழுத்துப் போர்த்தினாள்.

அடுப்பு நிற்க வேண்டிய இடம் முன்னறையின் புகைபோக்கிச் சுவரடி. முன்பு அங்கே தீ எரிக்கிற இடம் இருந்திருக்கிறது. எங்களுக்கு முன் இருந்தவர்கள் கல்லைப் பெயர்த்து எடுத்துவிட்டு வெறும் பலகை அடித்திருந்தார்கள். பலகைக்குக் கீழே குறுக்குமரங்கள். ஜொயிஸ்ட் என்பார்கள். அதற்கும் கீழே ஓர் ஆள் மல்லாந்து படுத்து ஊரலாம், அவ்வளவு இடைவெளி, பிறகு மண். மரங்கள் அந்த நீளத்துக்குத் தாங்கல் இல்லாமல் ஓடின. அதனால்தான் ஆடின. அவற்றில் அந்த அடுப்பை வைத்தால் சகலன் சொன்னதுதான் நடக்கும். அதனால் கீழே மண்ணைத் தோண்டிக் கொங்கிறீற் போட்டு, அதன் மேல் செங்கல் தூண் எழுப்பி, ஈரம் ஏறாமல் சிலேட்டு ஓடு வைத்து, தூணுக்கும் மரத்துக்கும் நடுவில் வைர மரத்தில் ஆப்பு இறுக்குவது என்று தீர்மானித்தேன். இதை எந்தப் புத்தகத்தையும் பார்த்துச் செய்யவில்லை.

அது விரத காலம். எங்கள் பெண்களுக்கு அந்த மாதங்களில் ஒன்று முடிய ஒன்று வரும். நவராத்திரி, அது முடியக் கேதார கௌரி விரதம், அது முடிந்த கையோடு கந்த சட்டி. கௌரி விரதம் புருஷனுடைய ஆயுளுக்காகப் பிடிப்பது. என் மனைவி ஒருநாளும் தவறவிட்டதில்லை. பகல் முழுக்கத் தண்ணீரோடு இருந்து மாலையில் ஒருநேரம் சாப்பிடுவாள். அந்த வருடம் அந்த ஒருநேரத்தையும் கொறித்துவிட்டு எழுந்தாள். கோயிலில் கண்ட பெண்கள் எல்லாம், “அக்கா நல்லா மெலிஞ்சிட்டா. விரதமெண்டா அக்கா மாதிரிப் பிடிக்கவேணும்,” என்றார்கள். நானும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன். எனக்காக ஒருத்தி உருகுகிறாள் என்பது ஓர் ஆணுக்கு எப்படி இருக்கும்? உள்ளுக்குள் குளிர்ந்துதான் இருந்தது.

முதல் தூணைக் கதவுப் பக்கமாகக் கட்டினேன். அடுப்பை உள்ளே கொண்டுவருகிற வழி அது. ஆப்பை இறுக்கிவிட்டு மேலே வந்து உட்கார்ந்தேன். அவள் தேத்தண்ணீர் கொண்டு வந்தாள். கிளாஸ்கள் கிலுங்கவில்லை. அவள் என் முன்னால் வந்து நின்ற பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

எனக்குத் தலைகால் தெரியவில்லை. சகலனுக்கு அப்போதே போன் அடித்தேன். “ஒரு தூண்தான் குடுத்தனான். நிலம் கல்லு மாதிரி நிக்குது. என்ர மனுசி நடந்தும் கிளாஸ் கிலுங்கேல்லை, தெரியுமே?” என்றேன். அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கந்த சட்டியின் கடைசி நாட்களில் மற்ற இரண்டு தூண்களையும் கட்டினேன். சனிக்கிழமை. சகலன் உதவிக்கு வந்து பின்வளவில் சாந்து குழைத்துக்கொண்டிருந்தார். யன்னலோரம் பலகை இரண்டைக் கழற்றி, அந்த வழியாக இறங்கி, டோர்ச்சோடு ஊர்ந்து போய் மூன்றாவது தூணடியில் மல்லாந்து படுத்திருந்தேன். என் முகத்துக்கு மேலே போன மரம்தான் அந்த வீட்டிலேயே அதிகம் ஆடுகிற மரம். அலுமாரி நின்றதும் அதன் மேல்தான், அடுப்பு ஏறப்போவதும் அதன் மேல்தான். தூணுக்கும் மரத்துக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி விட்டிருந்தேன். மேலே ஆள் ஏறி நின்றால் மரம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து அதற்கேற்ற தடிப்பில் ஆப்பைச் சீவலாம். அதுதான் என் வழக்கம். இடுக்கில் விரலை வைத்தால் போதும், மரம் இறங்குவதை விரல் சொல்லும்.

“இஞ்சரும்! ஒருக்கா வந்து அலுமாரிக்கு முன்னால நில்லும்!” என்று கீழிருந்து கத்தினேன்.

அவளுடைய காலடி கேட்டது. சத்தம் மெல்லிதாக இருந்தது. பலகை இடுக்கால் கொஞ்சம் தூசி என் கண்ணில் விழுந்தது.

“நிக்கிறீரே?”

“ஓம்.”

விரலில் ஒன்றும் தெரியவில்லை.

“நடுவில ஏறி நில்லுமப்பா. சுவரோட ஒட்டிக்கொண்டு நிக்கிறீரோ?”

“நடுவிலதான் நிக்கிறன்.”

“காலை ஊண்டி மிதியும்!”

“மிதிச்சுக்கொண்டுதானே நிக்கிறன். நான் என்ன, கோழியே?”

மரம் அசையவில்லை. கீழே தவறுதலாக ஏதும் முட்டிக்கொண்டிருக்கிறதோ என்று டோர்ச் அடித்துப் பார்த்தேன். இல்லை. இடைவெளி அப்படியே இருந்தது. சகலனைக் கூப்பிடச் சொன்னேன். அவர் சாந்துக் கையோடு வந்து அவள் நின்ற அதே இடத்தில் ஏறினார். அவர் ஒன்றும் பெரிய ஆளில்லை, ஒல்லிதான். மரம் முனகிக்கொண்டு இறங்கி என் விரலை நசித்தது. மேலே கிளாஸ்கள் எல்லாம் சேர்ந்து கிலுங்கின.

“அண்ணை, காணுமோ, இன்னும் குதிக்கவோ?” என்று அவர் மேலே நின்று சிரிக்கிறார்.

நான் விரலை எடுக்கவில்லை. முதல் தூண் கட்டிய அன்று கிளாஸ்கள் சத்தம் போடாமல் நின்றது என் தூணால் அல்ல. மண்ணில் மல்லாந்து கிடந்தபடி அதை விளங்கிக்கொண்டேன்.

ஊர்ந்து வெளியே வந்தேன். தலை, முகமெல்லாம் மண். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றுதான் அவளைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். சால்வைக்கும் ஸ்வெற்றருக்கும் உள்ளே ஆள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

“நீர் என்ன இப்பிடி மெலிஞ்சு போனீர்?”

“விரதமெல்லோ.”

“போன வருசமும் விரதம் பிடிச்சனீர். அப்ப கிளாஸ் கிலுங்கினது.”

நான் கிட்டப் போய் இரண்டு கையாலும் அவளைத் தூக்கினேன்.

“விடுங்கோ! உங்களுக்கென்ன விசரே? மச்சான் பாத்துக்கொண்டு நிக்கிறார்!”

நான் ஐம்பது கிலோ சீமெந்து மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறியவன். பாரம் என்ன என்று எனக்குத் தராசு சொல்லத் தேவையில்லை. அவள் அந்த மூட்டை அளவுகூட இருக்கவில்லை. இறக்கி விடவும் பயமாக இருந்தது. சகலன் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“எவ்வளவு நாளா?” என்று கேட்டேன்.

“வயித்துக்க நோகுது. கன நாளா. சாப்பிட்டா நிக்குதில்லை.”

“ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் ஆசையா அடுப்பு வைக்கிறியள். வைச்சு முடியட்டும் எண்டு பாத்தன்.”

பெரிய ஆஸ்பத்திரியில் சோதனைக்கு மேல் சோதனை. அங்கே தமிழ்நாட்டுக்கார டொக்டர் ஒருவர் இருந்தார், சின்ன வயது. எனக்கு ஆங்கிலத்தில் சொன்னால் முழுக்க விளங்காது என்று அவரை அழைத்து வந்தார்கள். அவர் என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, “ஐயா, அம்மாவுக்குக் குளிருதுன்னு சொன்னீங்களே, அது வெதரால இல்லீங்க. வயித்துல கட்டி. ரொம்ப பரவியிருக்கு. அதனாலதான் உடம்புல சூடு நிக்கல,” என்றார்.

“வெட்டி எடுக்கலாமே?” என்று கேட்டேன். வீட்டில் உளுத்த மரத்தைக் கண்டால் நான் அதைத்தான் செய்வேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில்தான் அடுப்பை ஏற்றி முடித்தேன். வேறு என்ன செய்வது? பகலில் அவளுடைய கட்டிலடியில் இருப்பேன். பார்க்கிற நேரம் முடிந்து அனுப்பிவிட்டால் வீட்டுக்கு வந்து ஆப்புச் சீவுவேன். அடுப்பைக் கொண்டுவந்து வைத்த நாளில் மட்டம் பார்க்கிற லெவலைப் போட்டுப் பார்த்தேன். குமிழ் நடுக்கோட்டுக்குள் நின்றது, மயிரிழை தப்பவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் அதற்கு மேலே ஒன்று இல்லை. புகைக்குழாயைப் பொருத்தி, கீழே கல் பதித்து, விறகை வெட்டிச் சுவரோரம் அடுக்கி வைத்தேன்.

இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். வானின் முன் சீற்றில் இருத்திக் கொண்டுவந்து, தூக்கிக்கொண்டுதான் உள்ளே போனேன். இந்த முறை அவள் விசரே என்று கேட்கவில்லை. அடுப்புக்கு முன்னால் கதிரையில் இருத்தி நெருப்பை மூட்டினேன்.

நல்ல அடுப்பு அது. அறை கொஞ்ச நேரத்தில் அனலாகிவிட்டது. அவளுடைய தங்கையும் சகலனும் வந்திருந்தார்கள். சகலன் சேர்ட்டைக் கழற்றிப் பனியனோடு இருந்து விசிறினார். மச்சாள், “அத்தான், போதும், இனி விறகு போடாதேங்கோ. அவிஞ்சு போறம்,” என்றாள். நான் போட்டேன். என் நெற்றி வியர்வை அடுப்பின் மேல் விழுந்து சீறியது.

“இப்ப சூடு காணுமே?” என்று மனைவியைக் கேட்டேன்.

“ஓமப்பா. நல்ல சூடு.”

கையைப் பிடித்துப் பார்த்தேன். ஐஸ். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை மெல்ல இழுத்துச் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு அடுப்பைப் பார்த்தாள், கீழே தரையைப் பார்த்தாள்.

“இவ்வளவு பாரம் ஏத்தியும் நிலம் அசையேல்லை என்ன?” என்றாள். “நீங்கள் கெட்டிக்காரன்தான்.”

என் வேலையைப் பற்றி நானே எவ்வளவோ பேசியிருக்கிறேன். அவள் ஒருநாளும் பேசியதில்லை. பகிடி பண்ணியிருக்கிறாள், அவ்வளவுதான். கேட்க ஆசைப்பட்ட சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். ஏன் அதைச் சொன்னாள் என்றும் எனக்கு விளங்கியது. நான் எழுந்து விறகு எடுக்கிற சாட்டில் பின்வளவுக்குப் போய்விட்டேன்.

அந்த மாரிக் குளிர் முழுக்க அடுப்பு அணையவில்லை. வேலைக்குப் போகவில்லை, வான் தெருவிலேயே நின்றது. கட்டிலைக் கீழே இறக்கி அடுப்புக்குப் பக்கத்தில் போட்டிருந்தேன். அவள் விறகு வெடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்பாள். வாய்க்குள் கரண்டியால் தண்ணீர் விடுவேன். தை பிறந்து, வளவில் புல் கொஞ்சம் பச்சை காட்டத் தொடங்கிய நேரம், ஒரு காலையில் அவள் போய்விட்டாள். அடுப்பில் நெருப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் பிறகு விறகு போடவில்லை.

எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்குக்குச் சனம் நிறைந்துவிட்டது. குரோய்டனிலிருந்தும் வந்தார்கள், யாரென்று தெரியாதவர்களும் வந்தார்கள். முன்னறையில் காலுக்கு இடமில்லை. ஆட்கள் எழும்பினார்கள், இருந்தார்கள், சாப்பாட்டுத் தட்டுகளோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தார்கள். தரை அசையவில்லை. சகலன் என் பக்கத்தில் வந்து நின்று, ஆறுதலுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, “அண்ணை, இவ்வளவு சனம் ஏறியும் ஒரு கிளாஸ் கிலுங்கேல்லை. பாருங்கோ,” என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

எல்லாரும் போன பிறகு, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, தேத்தண்ணீர் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு குசினியிலிருந்து முன்னறைக்கு நடந்தேன். அவள் நடக்கிற மாதிரி, குதிக்காலை ஊன்றி அடித்து நடந்தேன். தேத்தண்ணீர் சிந்திக் கையைச் சுட்டது. அலுமாரிக்கு முன்னால் நின்று மிதித்தேன். பிறகு கோப்பையை வைத்துவிட்டுக் குதித்தேன். நான் நல்ல பாரமான ஆள். கிளாஸ்கள் அப்படியே நின்றன.

கீழே இறங்கி ஆப்புகளை அடித்துக் கழற்றிப் பார்ப்போமா என்று நினைத்தேன். ஒருநாள் இறங்கியும் பார்த்தேன், சுத்தியலோடு. அடுப்பின் பாரம் முழுக்க ஏறி அவை மரத்தோடு மரமாக இறுகிப் போயிருந்தன. நான் இறுக்கின ஆப்பு அல்லவா? என்னாலேயே அசைக்க முடியவில்லை.

தொண்ணூறுகள் முடிவதற்குள் அந்த வீட்டை விற்றேன். அடுப்பை அங்கேயே விட்டுவிட்டேன். அலுமாரியை மட்டும் கொண்டுவந்தேன். இப்போது இருக்கிற ஃபிளாற்றில் தரை கொங்கிறீற். சில நாளில் அலுமாரிக் கதவைத் திறந்து இரண்டு கிளாஸை எடுத்து மெல்ல ஒன்றோடொன்று முட்டிப் பார்ப்பேன். சத்தம் வரும். அவள் வருகிற சத்தம் அது இல்லை.